தெளிந்ததும் கலங்கியதும்: இன்சுலின் வகைகளும் கடாரத் தமிழர் வழக்கும்

கெடா மாநிலத்தின் தென்பகுதித் தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்கள் ஒரே நோய்க்கு மூன்று பெயர்களை வழங்கி வந்தனர். பாடநூலிலும் மருத்துவமனைப் பலகையிலும் அது நீரிழிவு. தமிழகத்து இதழ்களின் வழியே பரவியது சர்க்கரை வியாதி. லயத்து வாசலில் பேசப்பட்டதோ இனிப்பு நீர். தமிழகத்தில் பெருவழக்குப் பெறாத இவ்விறுதித் தொடர், 'கென்சிங் மானிஸ்' என்னும் மலாய்த் தொடரின் நிழலில் இங்கே வேர்கொண்டதென்றே நாம் கருதுகிறோம். மலாய்த் தொடரின் பொருளும் இனிய சிறுநீர் என்பதே.

இப்பெயர்களைச் சற்றே ஊன்றி நோக்கின், ஒவ்வொரு மொழியும் நோயின் ஒவ்வொரு பக்கத்தைப் பற்றிக்கொண்டது புலனாகும். கிரேக்க மருத்துவர் அரிடேயசு கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வழங்கிய 'டயாபிடிசு' என்னும் சொல், ஊடே பாய்ந்து செல்வது என்னும் பொருளுடையது. நம் நீரிழிவும் அதுவே. இழிதல் என்பது மேலிருந்து கீழ்ப் பாய்தல். மலையிலிருந்து அருவி இழியும் என்பது பழந்தமிழ் வழக்கு. இன்றைய மாணவர் 'இழிவு' என்பதைக் கீழ்மை என்றே பொருள்கொண்டு, நோயாளரை இழித்துரைக்கும் பெயரோ என்று ஐயுறுவதுண்டு. அவ்வையம் வேண்டா. வடமொழியின் மதுமேகமும் மலாய்த் தொடரும் சுவையைக் கூறின. பின்னாளில் மேலைநாட்டார் சேர்த்த 'மெலிட்டசு' என்னும் இலத்தீன் அடையும் தேன்சுவையையே குறிக்கும். அளவைச் சொன்னவர் சிலர், சுவையைச் சொன்னவர் சிலர். நோய் முற்றி உயிருக்கு ஊறு நேரும் அந்த இறுதிக் கட்டத்துக்கு மட்டும் எவரும் தனிப்பெயர் சூட்டவில்லை. நம் தோட்டத்து மக்கள் அதனை 'மயக்கம்' என்றனர்.

இந்த மயக்கம் என்னும் சொல்லே இவ்வுரைக்கு நம்மை இழுத்து வந்தது. இலக்கணம் பயின்றோர்க்கு மயக்கம் என்றால் கலத்தல். மெய்ம்மயக்கம் என்றும் வேற்றுமை மயக்கம் என்றும் வகுப்பில் கற்பிக்கிறோம். பேச்சுவழக்கிலோ தலைசுற்றலும் மயக்கமே, நினைவிழத்தலும் மயக்கமே, கள்ளுண்டு தள்ளாடுதலும் மயக்கமே. நீரிழிவு நோயாளி ஒருவர் 'மயக்கமாக வருகிறது' என்று கூறும்போது, குருதியில் சர்க்கரை மிகக் குறைந்திருக்கலாம், மிக ஏறியும் இருக்கலாம். முன்னதற்கு உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். பின்னதற்கு நீரும் உப்பும் இன்சுலினும் கொடுக்க வேண்டும். ஒரே சொல் இரு நேர்மாறான நிலைகளைக் குறிக்கிறது. மருத்துவமனையில் அச்சொல்லை மலாயில் பெயர்த்துச் சொல்பவர் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளை. பாட்டி 'மயக்கம்' என்கிறார். பேரப்பிள்ளை 'பெனிங்' என்று சொன்னால் அது தலைசுற்றல். 'பெங்சான்' என்று சொன்னால் அது நினைவிழப்பு. எச்சொல்லைத் தேர்வது என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் சொல்வளம் தீர்மானிக்கிறது. குருதியைச் சோதிக்கும் கருவி இன்று எங்கும் உண்டாதலால் மருத்துவர் சொல்லை மட்டும் நம்பி நிற்பதில்லை. எனினும் வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் புறப்படலாமா வேண்டாவா என்னும் முடிவு சொல்லை வைத்தே எடுக்கப்படுகிறது.

சர்க்கரை ஏறி வரும் நெருக்கடியின் இயல்பை முதலில் சொல்லிவிடுதல் நலம். உடலில் இன்சுலின் அற்றுப்போனால் உயிரணுக்கள் சர்க்கரையை ஏற்க இயலாமல் கொழுப்பை எரிக்கத் தொடங்குகின்றன. அவ்வாறு எரியும்போது கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் குருதியில் தேங்குகின்றன. சிறுநீர் பெருகி உடல் வறள்கிறது. வளர்ந்தவர்க்கு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் நீர் குறைந்துபோகும் என்பது பொதுக்கணக்கு. அமிலத்தை வெளியேற்ற உடல் ஆழ்ந்து ஆழ்ந்து மூச்சுவிடுகிறது. இம்மூச்சினை செருமானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் 1874இல் விளக்கியதால் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. மூச்சில் அழுகிய பழத்தின் மணம் போன்றதொரு மணமும் வீசும். தோட்டங்களில் கள்ளுக்கடைகள் இருந்த காலத்தை எண்ணிப் பார்ப்போம். மூச்சில் புளித்த மணம், தள்ளாட்டம், குழறிய பேச்சு, வாந்தி ஆகியவற்றைக் கண்டவர், 'குடித்துவிட்டுக் கிடக்கிறான்' என்று விட்டுப்போவதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. மூச்சு வாங்குவதைக் கண்டு இளைப்பு நோய் எனக் கொள்வதும் எளிதே. முதியோரிடம் வேறொரு வகை நெருக்கடியும் உண்டு. அதில் கீட்டோன் மிகாமல் சர்க்கரை மட்டும் பேரளவு ஏறி, உடல் கடுமையாக வறண்டு, பல நாள்களாக மெல்ல நினைவு மங்கும். 'வயசாகிவிட்டது, அப்படித்தான் கிடப்பார்' என்னும் பேச்சில் மறைந்துபோவது பெரும்பாலும் இவ்வகையே.

இனி மருந்தின் வரலாற்றுக்கு வருவோம். 1869இல் பால் லாங்கர்கான் கணையத்தில் சிறுசிறு அணுத்திரள்களைக் கண்டார். பின்னாளில் அவை தீவுகள் எனப் பெயர்பெற்றன. 1889இல் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் நாயின் கணையத்தை நீக்கி, அதனால் நீரிழிவு உண்டாவதைக் காட்டினர். அத்தீவுகள் சுரக்கும் பொருளொன்று இருத்தல் வேண்டும் எனக் கருதிய ஜான் தெ மேயர், அப்பொருள் பிரித்தெடுக்கப்படுவதற்கு முன்பே, 1909இல், தீவு என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் சூட்டினார். பொருள் பிறப்பதற்கு முன் பெயர் பிறந்த அரிய நிகழ்வு இது. நம் பாடநூலார் அத்தீவுகளைத் 'திட்டுகள்' என்றனர். ஆற்றிடைக் குறையைத் திட்டு என்பது நம் வழக்காதலால் பெயர்ப்பு சிறந்ததே. ஆயினும் இன்சுலினை இன்சுலின் என்றே விட்டனர். அதனையும் நாம் பிழை எனக் கொள்ளவில்லை. நெருக்கடியில் நூறு மொழியினர் ஒரே ஒலியால் அழைக்கும் மருந்துக்குத் தனிப்பெயர் தேடுவதைவிட, அதன் வகைகளுக்குத் தெளிந்த பெயர் தேடுவதே கடமை என்பது நம் கருத்து.

தொராந்தோ நகரில் பான்டிங், பெஸ்ட், கோலிப், மெக்லியோட் ஆகியோர் செய்த பணி பலரும் அறிந்ததே. 1922ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் லெனர்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அது தூய்மை போதாமையால் பயன் தரவில்லை. கோலிப் தூய்மை செய்த மருந்து சனவரி 23இல் தரப்பட்டபோது சர்க்கரை இறங்கியது, கீட்டோனும் மறைந்தது. அதுவரை பட்டினியால் நாள்களை நீட்டிப்பதொன்றே மருத்துவமாக இருந்தது. அச்சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

அன்றைய இன்சுலின் ஒரே வகை. மாட்டின் கணையத்திலிருந்தோ பன்றியின் கணையத்திலிருந்தோ எடுக்கப்பட்டது; நீரில் கரைந்து தெளிந்து நிற்பது. தோலடியில் ஏற்றினால் ஏறத்தாழ அரைமணியில் செயலைத் தொடங்கி, ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆகவே நாளொன்றுக்கு மூன்று நான்கு ஊசி வேண்டியிருந்தது. இத்துன்பத்தைக் குறைக்க டென்மார்க்கின் ஹாகடோர்ன் 1936இல் மீனின் விந்திலிருந்து பெறப்படும் புரோட்டமின் என்னும் புரதத்தைக் கலந்தார். மருந்து கலங்கிற்று, மெல்லக் கரைந்தது, நெடுநேரம் நின்றது. 1946இல் அவருடைய குழுவினர் செம்மைப்படுத்திய வகை இன்றும் அவர் பெயரின் முதலெழுத்தைத் தாங்கி 'என்.பி.எச்.' என வழங்குகிறது. 1950களின் தொடக்கத்தில் துத்தநாகத்தைக்கொண்டு 'லென்டே' வகைகள் செய்யப்பட்டன. ஆக மருத்துவர் கையில் இருவகைக் குப்பிகள் இருந்தன: தெளிந்தது ஒன்று, கலங்கியது ஒன்று. மலாயில் 'ஜெர்னே', 'கெரோ'. இவ்விணையே நம் தோட்டத்து நோயாளர்க்கும் எளிதில் விளங்கியது. 'தெளிந்த மருந்து சாப்பாட்டுக்கு முன்னால், கலங்கிய மருந்து ராத்திரிக்கு' என்று சொன்னால் எழுத்தறியாத மூதாட்டிக்கும் விளங்கும். குப்பியைக் கண்ணால் பார்த்தே அறியலாம். கலைச்சொல்லாக்கம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நாம் பலகால் எண்ணியதுண்டு.

நெருக்கடிக்கு உரியது தெளிந்த மருந்தே. கலங்கிய மருந்தில் மிதப்பவை நுண்துகள்கள். அவற்றைக் குருதிக்குழாயில் நேரே ஏற்றலாகாது. தோலடியில் ஏற்றினாலும் அது மணிக்கணக்கில் மெல்லக் கரையும். உயிர் மணித்துளிகளில் ஊசலாடும்போது அதனால் பயனில்லை. 1936க்குப் பின் புதுப்புது நெடுநேர வகைகள் வந்தபோதும், நினைவிழந்து வருவோர்க்கென மருத்துவமனைகள் பழைய தெளிந்த மருந்தைக் கைவிடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் இதுவே.

எவ்வளவு தருவது என்பதில்தான் நெடுங்காலம் தடுமாற்றம் இருந்தது. நோய் முற்றிய நிலையில் உடல் இன்சுலினுக்கு வளைந்து கொடுப்பதில்லை என எண்ணி, தொடக்கத்திலேயே நூறு அலகும் அதற்கு மேலும் ஏற்றும் பழக்கம் நிலவியது. ஒரு நாளில் பல நூறு அலகுகள் ஏறிவிடும். இன்சுலின் சர்க்கரையை மட்டுமன்றிப் பொட்டாசியத்தையும் உயிரணுக்களுக்குள் இழுத்துச் செல்லும். குருதியில் பொட்டாசியம் சட்டென வீழ்ந்தால் இதயத்துடிப்பு தவறும். இவ்வாறு, காக்க வந்த மருந்தே கொல்லவும் கூடும். 1973இல் ஆல்பர்ட்டியும் அவர்தம் துணைவரும் இங்கிலாந்தில், மணிக்கு 5 முதல் 10 அலகு வரையான சிற்றளவைத் தசையில் ஊசியாக ஏற்றியே நோயாளரை மீட்கலாம் எனக் காட்டினர். 1976இல் அமெரிக்காவின் மெம்ஃபிசு நகரில் கிதாப்சி என்பவரின் குழு பேரளவையும் சிற்றளவையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. சர்க்கரை இறங்கும் வேகத்தில் வேறுபாடு இல்லை. பேரளவு பெற்றோரிடம் சர்க்கரைத் தாழ்வும் பொட்டாசியத் தாழ்வும் மிகுந்திருந்தன. இன்று உலகெங்கும் வழங்கும் அளவு, எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு 0.1 அலகு. 60 கிலோ எடையுள்ளவர்க்கு மணிக்கு 6 அலகு. அதற்கும் முன்னர் உப்புநீரும் பொட்டாசியச் சோதனையும் நிற்கின்றன. பொட்டாசியம் மிகக் குறைந்திருந்தால் அதைச் சீர்செய்த பின்னரே இன்சுலின்.

இவையெல்லாம் இங்கிலாந்திலும் மெம்ஃபிசிலும் நடந்தவை. நம் தோட்டங்களில் நிலைமை என்ன? கூலிம், கோலமூடா வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் விரிந்த காலந்தொட்டு, பெரிய தோட்டங்கள் தமக்கெனவும் சிறியவை பல சேர்ந்து பொதுவாகவும் மருத்துவமனை வைத்திருந்தன. மருத்துவர் எப்போதாவது வந்து போவார். நாள்தோறும் இருப்பவர் டிரெசர். அவர்களுள் யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் பலர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து நூல்களும் தந்தவர். அந்த மரபு மலாயாவுக்கு வந்த டிரெசர்களின் கையேட்டில் தொடரவில்லை. அவர்கள் கற்றதும் குறித்ததும் ஆங்கிலத்தில். நோயாளரிடம் பேசியது மட்டுமே தமிழில். அப்பேச்சுத்தமிழ் எழுத்தில் ஏறாமலே போயிற்று. தோட்ட மருத்துவ உதவியாளரைப் பதிவுசெய்யும் சட்டம் 1965இல் வந்தது. அவர்தம் சொற்களைப் பதிவுசெய்ய எவரும் முனைந்திலர்.

எஞ்சியவற்றுள் சில நம் காதுக்கு எட்டியுள்ளன. சிறுநீரில் சர்க்கரை உண்டா எனப் பார்க்க, பெனடிக்ட் நீர்மத்தில் சில துளி சிறுநீரிட்டுக் கொதிக்க வைப்பர். நீலம் மாறாதிருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் எனப் படிப்படியாக மாறிச் செங்கல் நிறமானால் மிகுதி. 'அப்பாவுக்குச் செங்கல் வந்துவிட்டது' என்பது ஒரு குடும்பத்தின் அச்சத்தைச் சொல்லும் முழு வாக்கியமாக இருந்தது. கண்ணாடி ஊசிக்குழலையும் எஃகு ஊசியையும் கொதிநீரில் இட்டுப் பயன்படுத்தினர். இன்சுலினைக் குளிர்ச்சியில் வைத்தல் வேண்டும். லயங்களிலோ மின்சாரம் வந்தது பின்னர், குளிர்பெட்டி வந்தது அதனினும் பின்னர். ஈரமணலில் பதித்த மண்பானை பயன்பட்டது. ஆவியாகும் நீர் பானையின் உள்வெப்பத்தைத் தணிக்கும் என்பதை இக்கால ஆய்வுகளும் ஒப்புகின்றன.

'எத்தனை கோடு?' என்பது இன்னொரு தொடர். அக்காலத்தில் ஒரு மில்லிலிட்டரில் 20, 40, 80 அலகு என வெவ்வேறு செறிவில் இன்சுலின் விற்பனையாயிற்று. ஊசிக்குழலிலோ ஒரு மில்லிலிட்டருக்கு 20 கோடுகள். ஆகவே ஒரு கோடு என்பது ஒரு குப்பியில் 1 அலகு, மற்றொன்றில் 2, வேறொன்றில் 4. 'பத்துக் கோடு' போட்டுக்கொண்டவர் பெற்றது 10 அலகா 40 அலகா என்பது குப்பியைப் பொறுத்தது. இச்சிக்கல் நம் நாட்டில் மறைந்துவிட்டது. இப்போது ஒரு மில்லிலிட்டருக்கு 100 அலகு. ஆனால் இந்தியாவில் 40 அலகுக் குப்பியும் அதற்குரிய ஊசிக்குழலும் இன்றும் கடைகளில் உண்டு. தமிழகத்துக்குச் சென்று திரும்புவோர் அங்கிருந்து குப்பி வாங்கிவந்து இங்குள்ள குழலில் ஏற்றினால், 40 என்னும் கோடுவரை இழுத்தும் உடலுக்குச் செல்வது 16 அலகே. மாற்றிச் செய்தால், அதாவது நம் குப்பியை அவர்கள் குழலில் இழுத்தால், 40 அலகுக்கு 100 அலகு சென்றுவிடும். முன்னது சில நாளில் சர்க்கரையை ஏற்றி நெருக்கடியில் தள்ளும். பின்னது சில மணியில் தாழ்த்திவிடும். இரண்டின் பெயரும் வீட்டில் மயக்கமே. சர்க்கரையின் அளவிலும் இதே இரட்டை வழக்கு உண்டு. இங்கு 10 என்றால் அங்கு 180; நம் எண்ணை 18ஆல் பெருக்க வேண்டும். தொலைபேசியில் 'இருபது' என்று கேட்டுத் தமிழகத்து உறவினர், ஐயோ இவ்வளவு தாழ்வா என்று பதறிச் சர்க்கரை ஊட்டச் சொன்னால் என்னாகும் என்பதை மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இன்சுலின் விலங்கிலிருந்து வந்த காலத்தில் வேறொரு மனத்தடையும் இருந்தது. பன்றியினது இசுலாமியர்க்கும் மாட்டினது நம்மவர் பலர்க்கும் ஒவ்வாதவை. உயிர் காக்கும் மருந்தாதலால் கொள்ளலாம் என்றோரும் உளர், அறியாமலே பெற்றோர் மிகப் பலர். 1982இல் மரபணுப் பொறியியல்வழி உருவாக்கிய இன்சுலின் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நுண்ணுயிர்க்குள் மனித மரபணுவைப் புகுத்திப் பெற்ற அம்மருந்துக்கு 'மனித இன்சுலின்' என்று பெயர். இப்பெயரும் குழப்பிற்று. மனிதனின் உடலிலிருந்து எடுத்ததோ என்று முகஞ்சுளித்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். மனிதனுடையதை ஒத்த இன்சுலின் என்று விரித்துக் கூறியிருப்பின் இத்தொல்லை இராது. ஓர் உருபு குறைந்தாலும் பொருள் புரண்டுவிடுகிறது.

இனி, பெயர்களால் விளைந்த பெருங்குழப்பத்துக்கு வருவோம். 1960களின் தொடக்கத்தில் டென்மார்க்கின் நோவோ நிறுவனம் தெளிந்த இன்சுலின் ஒன்றுக்கு 'ஆக்ட்ராபிட்' எனப் பெயரிட்டது. ராபிட் என்பது விரைவு. கலங்கிய வகைகளோடு ஒப்பிட அது விரைவானதே. 1996இல் லிஸ்புரோவும் அடுத்து அஸ்பார்ட்டும் வந்தன. மனித இன்சுலினின் மூலக்கூறில் ஓரிரு அமினோ அமிலங்களை மாற்றியமைத்த இவை, தோலடியில் ஏற்றிய பத்துப் பதினைந்து மணித்துளிகளில் செயல்படத் தொடங்கும். விரைவு என்னும் பட்டம் இவற்றுக்குச் சென்றது. அஸ்பார்ட் நம் மருத்துவமனைகளுக்கு வந்த பெயரே 'நோவோராபிட்'. பழைய ஆக்ட்ராபிட், பெயரில் விரைவைத் தாங்கிக்கொண்டே, வகைப்பாட்டில் 'குறுநேர' இன்சுலினாகத் தள்ளப்பட்டது. விரைவு என்பது தொடக்கத்தைக் குறிக்கிறது. குறுநேரம் என்பது நீடிப்பைக் குறிக்கிறது. இருவேறு அளவுகோல்களை ஒரே வரிசையில் நிறுத்தினால், 'விரைவு, குறுநேரம், இடைநேரம், நெடுநேரம்' எனப் படிக்கும் மாணவர் குறுநேர வகையே மிகச் சிறிது நேரம் நிற்பது என்று முடிவுகட்டுவார். உண்மையில் விரைவு வகையே அதனினும் முன்னர் ஓயும். ஆங்கிலப் பெயர்களிலுள்ள இக்குறையை நாம் அப்படியே தமிழில் இறக்கிவைத்தோம்.

2000இல் வந்த கிளார்ஜின் மற்றொரு வேலியையும் உடைத்தது. நாள் முழுதும் நிற்கும் இந்நெடுநேர வகை, அமிலத்தன்மை கொண்ட கரைசலாகக் குப்பியில் தெளிந்தே இருக்கும். தோலடியில் சென்ற பின்னரே படிந்து மெல்லக் கரையும். அறுபது ஆண்டுகளுக்கு மேல் 'தெளிந்தது விரைவு, கலங்கியது மெதுவு' என்று நம் மூதாட்டிகள் காத்துவந்த விதி அன்றோடு பொய்த்தது. தெளிந்ததாயினும் கிளார்ஜினைக் குருதிக்குழாயில் ஏற்றலாகாது, வேறெதனோடும் கலக்கலாகாது. சர்க்கரை ஏறியிருக்கிறதே என்று வீட்டில் அதனைக் கூட்டிப் போடுவதும் அப்போதைய நெருக்கடிக்கு உதவாது. கண்ணால் கண்டு பிரித்த பழைய பெயர்களுக்கு மாற்றாக, பயனால் பிரிக்கும் 'உணவு ஊசி', 'அடிப்படை ஊசி' என்னும் இரண்டை நாம் முன்மொழிந்து வருகிறோம். உணவு உள்ளே செல்லும்போது போடுவது ஒன்று. உணவு இருப்பினும் இல்லாவிடினும் போட வேண்டியது மற்றொன்று. பின்னதன் பொருளை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காய்ச்சலிலோ வாந்தியிலோ உணவு இறங்காதபோது, 'சாப்பிடவில்லையே, ஊசி எதற்கு' என்று எல்லா ஊசியையும் நிறுத்திவிடுவதே பலரைக் கீட்டோன் நெருக்கடிக்குக் கொண்டுசெல்கிறது. நோயுற்ற உடலுக்கு இன்சுலின் தேவை குறைவதில்லை, பெரும்பாலும் கூடுகிறது.

அப்படியாயின், நெருக்கடியில் புதிய விரைவு வகை பழைய குறுநேர வகையினும் மேலானதா? இவ்வினாவை மாணவர் பலர் கேட்பர். பெயரை மட்டும் பார்த்தால் ஆம் என்றே தோன்றும். விடை வேறு. பழைய இன்சுலினின் மூலக்கூறுகள் ஆறு ஆறாகக் கூடி நிற்பவை. தோலடியில் அக்கூட்டம் பிரிந்தாலன்றிக் குருதியில் கலவா. அதற்கே அரைமணி. புதிய வகையின் மூலக்கூறுகள் எளிதில் பிரிவன. விரைவு என்பது இந்தத் தோலடிப் பயணத்தின் விரைவு. மருந்தை நேரே குருதிக்குழாயில் ஏற்றிவிட்டால் பயணமே இல்லை. இரண்டும் உடனே செயல்படும், இரண்டும் சில மணித்துளிகளில் மறையும். 2009இல் அம்பியெரெசும் துணைவரும் குளுலிசின் என்னும் விரைவு வகையையும் பழைய வகையையும் குருதிக்குழாய்வழித் தந்து ஒப்பிட்டு, நெருக்கடி தீரும் காலத்தில் வேறுபாடு காணவில்லை. பழையது விலை குறைந்ததாதலால் அதுவே நிலைத்தது. விரைவு வகைக்கு ஓரிடம் உண்டு. கடுமை குறைந்த கீட்டோன் நோயாளர்க்கு ஒரு மணிக்கோ இரு மணிக்கோ ஒருமுறை தோலடியில் விரைவு வகையைத் தந்தாலும், குருதிக்குழாயில் தொடர்ந்து ஏற்றுவதற்கு நிகரான பயன் கிட்டும் என்று 2004இல் அதே ஆய்வாளர் காட்டினார். தீவிரக் கண்காணிப்புப் பிரிவில் கட்டில் கிடைக்காத ஊர்களுக்கு இது பெரும் உதவி.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் செம்பனையாகி, நம்மவர் சுங்கைப்பட்டாணி, கூலிம், பாடாங் செராய் நகர்ப்புற அடுக்ககங்களுக்குக் குடிபெயர்ந்த பின்னர் நோய் குறையவில்லை. விடியுமுன் எழுந்து மரம் சீவி நடந்த கால்கள் ஓய்ந்தன, உணவு ஓயவில்லை. 1986இல் எடுக்கப்பட்ட தேசிய நலவாழ்வு ஆய்வில் வளர்ந்தோருள் 6.3 விழுக்காட்டினரிடம் காணப்பட்ட நீரிழிவு, 2019இல் 18.3 விழுக்காடாயிற்று. இனவாரியாக நோக்கின் இந்தியரிடமே மிகுதி. நோய் வளர்ந்த அளவுக்கு அதைப் பற்றிய சொல் நம்மிடம் வளரவில்லை. ஊசி ஏற்றும் வழிகளைச் சொல்லவே தடுமாறுகிறோம். குருதிக்குழாயில் போடுவதை மக்கள் 'நரம்பு ஊசி' என்பர். நரம்பு என்பது இங்கே சிரை. பாடநூலில் நரம்பு வேறு, சிரை வேறு. மக்கள் வழக்கைத் திருத்த முயல்வது வீண். மாணவர் இரண்டையும் அறிந்திருந்தால் போதும்.

'தண்ணீர் ஏற்றுகிறார்கள்' என்பதும் அத்தகையதே. நெருக்கடிக்கு உப்புநீரே முதல் மருந்து. அதனைத் தண்ணீர் என்று கேட்கும் குடும்பத்தார், மருந்து தராமல் வெறும் தண்ணீரா என்று கலங்குவர். சில மணி கழித்துச் சர்க்கரை ஓரளவு இறங்கியதும் குளுக்கோசு கலந்த நீரை ஏற்றுவர். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையா என்று மீண்டும் கலங்குவர். குருதியில் சர்க்கரை இறங்கியும் கீட்டோன் முழுதும் நீங்கியிராது. அது நீங்குமட்டும் இன்சுலினை நிறுத்தலாகாது. இன்சுலின் தொடர்ந்தால் சர்க்கரை மட்டுமீறித் தாழும். எனவே ஒரு குழாயில் சர்க்கரையும் மறுகுழாயில் இன்சுலினும் ஒருங்கே செல்கின்றன. இவ்வளவையும் கட்டிலருகே நிற்கும் தாதியர் மூன்று மொழியில் விளக்குதல் அரிது. உடன் நிற்கும் பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்திருப்பின் தமிழில் நான்கு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

இன்று நம் மாநிலத்தின் பெரிய மருத்துவமனை எதற்குச் சென்றாலும், நெருக்கடிக் கட்டிலருகே 50 மில்லிலிட்டர் குழலொன்று சிறு பொறியில் பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம். அதில் பெரும்பாலும் 50 அலகு தெளிந்த பழைய வகை இன்சுலின், 50 மில்லிலிட்டர் உப்புநீரில் கலந்திருக்கும். ஒரு மில்லிலிட்டருக்கு ஓர் அலகு. கோடும் அலகும் அங்கே ஒன்று. நோயாளி தெளிந்து, வாய்வழி உண்ணத் தொடங்கியதும், நெடுநேர அடிப்படை ஊசியைத் தோலடியில் போட்டு, ஒன்றிரண்டு மணி நேரம் கழிந்த பின்னரே அப்பொறியை நிறுத்துவர். குருதிக்குழாயில் சென்றது சில மணித்துளிகளில் மறைந்துவிடும். தோலடியில் சென்றது எழுந்துவர அவ்வளவு நேரமாகும்.